மழை தின்ற ஸ்பீக்கரை மீட்டு, நல்ல வீட்டில் சேர்ப்பது எப்படி?

குன்னூரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கட்டில், பீரோ எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. கார் ஷெட்டில் மட்டும் இரண்டு மரப்பெட்டிகள் மிச்சம், ஒன்றின் மேல் பூந்தொட்டி, இன்னொன்றின் மேல் பெயின்ட் டப்பா. குனிந்து பார்த்தால் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏ.ஆர். 3ஏ ஸ்பீக்கர்! அமெரிக்காவில் 1967-ல் வந்த மாடல், கீழ் ஒலிக்கான ஊஃபர் 12 இஞ்ச், ஒரு பெட்டியே கிட்டத்தட்ட 24 கிலோ. முன்துணியை லேசாகத் தட்டியதும் உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அது பாடி முப்பது வருசமாச்சு கண்ணு, பழைய இரும்புக் கடைக்காரர்கூட வேண்டாம்னுட்டாரு, வேணும்னா நீயே எடுத்துட்டுப் போ” என்றார். மூன்று மாதம் கழித்து அதே பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் நாதஸ்வரம் கேட்டார், ஒரு பக்கம் முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.

இந்த மலையில் இன்னும் எத்தனையோ வீட்டில் இப்படிக் கிடக்கின்றன. எஸ்டேட் மேனேஜர்கள் ஆசையாக வாங்கியவை, வெலிங்டனில் இருந்த ராணுவத்தார் விட்டுப்போனவை, வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் சுமந்து வந்தவை. பெரும்பாலானவை செத்துப்போகவில்லை, ஈரத்தில் முடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். பொறுமையும் ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் பாதிக்கு மேல் வீட்டிலேயே சரி செய்துவிடலாம். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: செய்தவன் என்ன நினைத்துச் செய்தானோ அந்தச் சத்தத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோவதுதான் நம் வேலை. அதைவிட நன்றாக ஆக்குகிறேன் என்று கிளம்பியவர்கள் கெடுத்துவைத்த பெட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எடுப்பதற்கு முன்னால்

ஆசையில் உடனே தூக்கிவிடாதீர்கள். முதலில் பெட்டியின் அடிப்பக்கம். பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டு, மேலே தேக்கு அல்லது வால்நட் வெனீர், அதாவது மெல்லிய மரத்தாள், ஒட்டியது. சிமென்ட் தரையில் பல மழைக்காலம் நின்றிருந்தால் சிப்போர்டு பிஸ்கட் மாதிரி ஊதியிருக்கும். நகத்தால் அழுத்தினால் உதிர்ந்தால், அந்தப் பெட்டியைக் காப்பாற்றுவது கஷ்டம், உள்ளே இருப்பவற்றை மட்டும்தான் மீட்க முடியும். மூலை மட்டும் லேசாக வீங்கியிருந்தால் பரவாயில்லை.

அடுத்து, ஜோடியா என்று பாருங்கள். பின்பக்கத் தகட்டில் எண் இருக்கும், அடுத்தடுத்த எண்ணாக இருந்தால் தொழிற்சாலையிலேயே பொருத்திப் பார்த்து அனுப்பிய ஜோடியாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டிலும் ஒரே ஊஃபர், ஒரே ட்வீட்டர் (மேல் ஒலி தருவது) இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிதைந்திருந்தால் யாரோ முன்னாடியே உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. அகலமான ஹீட்டர் மாதிரி, முன்னால் உலோக வலை போட்ட பெட்டி கிடைத்தால், அது 1957-ல் வந்த குவாட் நிறுவனத்தின் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கராக இருக்கலாம். அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், திறக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பொருள் யாருடையது, எப்போது வாங்கினார்கள், எதற்காக நிறுத்தினார்கள் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “ஒரு நாள் புகை வந்தது” என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி உங்களுக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். அந்தக் கதை பிறகு வேறு வேலைக்கும் உதவும், கடைசியில் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் காயட்டும்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆம்ப்ளிஃபையரில் மாட்டிப் பார்க்க கை துறுதுறுக்கும். வேண்டாம். கூடலூர், ஊட்டி பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை, இடையில் பனிமூட்டம் என்று வருஷத்தில் பாதி நாள் இங்கே காற்றே ஈரம். ஊஃபரில் ஆடுகிற காகிதக் கோனும் மரமும் அதைக் குடித்து வைத்திருக்கும். திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, தரையில் கட்டை வைத்து அதன்மேல் பெட்டியை ஏற்றி, காற்றோட்டமான உலர்ந்த அறையில் இரண்டு வாரம் விடுங்கள். மழைக்காலமாக இருந்தால் பழைய குண்டு பல்பு ஒன்றைப் பெட்டியிலிருந்து இரண்டு அடி தள்ளி எரியவிடலாம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க இங்கே அலமாரிக்குள் பல்பு போடுவார்களே, அதே உத்திதான். வெயிலில் காய வைக்காதீர்கள், மலை வெயில் வெனீரை ஒரே மதியத்தில் வெளுத்துவிடும். கணப்பு அடுப்பின் பக்கத்தில் வைத்தால் ஒட்டியதெல்லாம் விட்டுப்போகும்.

வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். வெளிப்பக்கத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம், ஆனால் முதலில் பின்பக்கம் ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். அரக்குப் பாலிஷ் போட்ட மரமாக இருந்தால் ஆல்கஹால் அந்தப் பாலிஷைக் கரைத்துவிடும். அப்படிப்பட்ட மரத்துக்கு ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒத்தி எடுத்தால் போதும்.

உயிர் இருக்கிறதா?

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பின்பக்க முனைகளில் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 அல்லது 7 காட்டும், 4 ஓம் என்றால் 3-க்குப் பக்கத்தில். பெட்டியில் எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு, கம்பியின் நேர்மின் தடையை மட்டும்தான் மீட்டர் பார்க்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. வெளியே தொடும்போது பெரும்பாலும் ஊஃபரின் அளவுதான் தெரியும், ட்வீட்டரைத் தனியாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீட்டரின் நேர்மின்சாரத்தைத் தடுக்கிற கெப்பாசிட்டர் நடுவில் நிற்கிறது.

அப்புறம் 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டை ஒன்று. ஊஃபரின் பாசிட்டிவ் முனையில் பேட்டரியின் பாசிட்டிவை ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் ‘டப்’ என்று முன்னால் வர வேண்டும். ஜே.பி.எல். நிறுவனத்தின் பழைய ஊஃபர்கள் மட்டும் உள்ளே போகும், அவர்கள் பழக்கம் அப்படி, அது பழுது அல்ல. ட்வீட்டரில் பேட்டரியைத் தொடாதீர்கள். நான் ஆரம்பத்தில் தொட்டேன், மயிரிழைக் கம்பி, போய்விட்டது. அதே மாதிரி ட்வீட்டர் கிடைக்கப் பல மாதம் ஆனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கோனின் இரண்டு பக்கமும் விரல் நுனிகளை வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். கரகர என்று உரசினால் கோனின் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், நடுவில் இல்லை, அல்லது மேக்னட் நகர்ந்துவிட்டது. யாராவது கீழே போட்ட பெட்டிகளில் இரண்டாவதுதான் நடந்திருக்கும், அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

இவ்வளவும் தேறினால் சின்ன ஆம்ப்ளிஃபையரில், சத்தத்தை மிகக் குறைவாக வைத்து ஒவ்வொரு பெட்டியாகக் கேளுங்கள். ட்வீட்டர் பேசவில்லை என்றால் உடனே செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஏ.ஆர். பெட்டிகளின் பின்னால் இரண்டு திருகு குமிழ்கள் இருக்கும், ஒன்று நடு ஒலிக்கு, ஒன்று மேல் ஒலிக்கு. அவை ஈரத்தில் பச்சை பூத்து நின்றுபோவது இந்த மாடலின் பரம்பரை வியாதி. பாட்டு ஓடும்போது குமிழை மெல்லத் திருப்பினால் நடுவில் எங்கோ ‘சர்ர்’ என்று ட்வீட்டர் உயிர் பெறும். குன்னூர் ஜோடியில் நடந்தது இதுதான், நாலு குமிழில் மூன்று ஊமை. கழற்றி, உள்ளே இருக்கும் தொடுமுனையை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் எல்லாம் பேசின.

திறக்கும்போது

திருகைத் தொடுவதற்கு முன் போன் கேமராவால் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், எந்த நிற ஒயர் எந்த முனைக்கு என்பது தெரிய வேண்டும். ஊஃபரின் மேக்னட் திருப்புளியை இழுக்கும், கை தவறினால் அது நேராகக் கோனைக் குத்தும். அதனால் கோனின் மேல் வட்டமாக வெட்டிய அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். திருகு வந்த பிறகும் ஊஃபர் ஒட்டிக்கொண்டிருக்கும், பழைய ஏ.ஆர். பெட்டிகளில் களிமண் மாதிரி ஒரு பிசினை வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். நெம்பாதீர்கள். பெட்டியை முகம் கீழே பார்க்கும்படி மெத்தைமேல் சாய்த்து, கையால் தாங்கிக்கொண்டு காத்திருந்தால் தன் பாரத்திலேயே இறங்கி வரும்.

உள்ளே பஞ்சு மாதிரி இருப்பது கண்ணாடி நாராக இருக்கலாம். முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும், அளவு மாறினால் கீழ் ஒலி மாறும். எலி கூடு கட்டியிருந்தால் மட்டும் மாற்றுங்கள், எடை போட்டு அதே எடைக்கு.

ஓர வளையம்

கறுப்புத் தூளாகக் கொட்டியது இதுதான். கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கிற, கோன் முன்னும் பின்னும் ஆட இடம் கொடுக்கிற வளையம். எல்லா ஸ்பீக்கரிலும் இது ஃபோம் கிடையாது. கெஃப் நிறுவனத்தின் பி110, பி139 ஊஃபர்களில் ரப்பர், அது அரை நூற்றாண்டு கடந்தும் நன்றாக இருக்கும். ஜே.பி.எல். எல்100-ல் பசை தடவிய துணி, அதுவும் கெடாது. ஏ.ஆர். 3ஏ-வில் முதலில் துணி போட்டார்கள், பிறகு ஃபோமுக்கு மாறினார்கள். பாலியூரித்தேன் ஃபோம் என்பது ஈரத்தோடு வேதிவினை செய்து தானே உடைகிற பொருள், ஓட்டாமல் மூடி வைத்தாலும் உடையும். சமவெளியிலேயே 15, 20 வருஷம்தான் தாங்கும். இங்கே கேட்கவே வேண்டாம்.

கோன் நன்றாக இருந்து வளையம் மட்டும் போயிருந்தால் சந்தோஷப்படுங்கள், இது முழுக்க முழுக்கச் சரியாகிற பழுது.

புது வளையம் வாங்கும்போது ‘12 இஞ்ச்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு அளவு வேண்டும்: கோனின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் உள் விட்டம், அதன் வெளி விட்டம், வளைவின் அகலம். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எடுங்கள். நான் ஒரு முறை இஞ்சை நம்பி வாங்கினேன், கடைக்காரரும் இதேதான் என்று அடித்துச் சொன்னார், வந்தது 4 மில்லிமீட்டர் பெரிசு, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். அதிலிருந்து அளவைப் படமாக வரைந்து அனுப்புகிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் பாகம் விற்கும் கடைகள் உண்டு, இணையத்திலும் கிடைக்கும். வளையத்தின் மென்மையும் முக்கியம், தடித்த விரைப்பான வளையத்தைப் போட்டால் ஊஃபர் சரியாக ஆடாது, அடிநாதமே வராது.

பழைய ஃபோமைச் சுரண்ட மழுங்கின கத்தி, மிச்சப் பசையைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி. இதற்கு ஒரு முழு மாலை ஆகும். அவசரப்பட்டால் காகிதம் உரியும். கெஃப் பி110 மாதிரி பெக்ஸ்ட்ரீன் கோனாக இருந்தால் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அது ஒரு வகை பாலிஸ்டைரீன், கரைந்துவிடும்.

காகிதக் கோன், ஃபோம் வளையம் என்றால் சாதாரண வெள்ளை ஃபெவிகாலே நன்றாகப் பிடிக்கும். ரப்பர் வளையத்துக்கு அது பிடிக்காது, ரப்பர் பசைதான். இங்கே ஒரு மலை விஷயம்: வெள்ளைப் பசை குளிரில் சரியாக இறுகாது. மார்கழி, தை மாதத்து ஊட்டி ராத்திரியில் ஒட்டி வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். பகலில், 20 டிகிரிக்கு மேல் இருக்கிற அறையில் ஒட்டுங்கள், டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தால் நீங்கள் 48 விடுங்கள்.

ஒட்டும் வரிசை முக்கியம். முதலில் வளையத்தின் உள்விளிம்பைக் கோனில். மெல்லிய பூச்சு, விரலால் சுற்றிச் சுற்றி அழுத்திக் காய விடுங்கள். மறுநாள்தான் வெளிவிளிம்பைச் சட்டத்தில், ஏனென்றால் அப்போதுதான் காயிலை நடுவில் நிறுத்த வேண்டும். அதற்கு இரண்டு வழி. எளிது எது என்றால், போனில் ஒலி அலை எழுப்பும் ஆப் ஒன்றை இறக்கி, 30 ஹெர்ட்ஸ் சத்தத்தை ஆம்ப்ளிஃபையர் வழியாக மிகக் குறைவாக ஊஃபருக்கு விடுங்கள். கோன் தெரிந்தும் தெரியாமலும் ஆடும். பசை ஈரமாக இருக்கும்போதே வளையத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மயிரளவு நகர்த்தினால், உரசல் முழுக்க நின்றுபோகிற ஒரு இடம் வரும். அங்கே நிறுத்தி துணி கிளிப் வைத்து விடுங்கள். காயும் வரை அவ்வப்போது காது வைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது வழி, நடுவில் இருக்கும் தூசி மூடியைச் சுற்றி முக்கால்வாசி வெட்டித் திறந்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் நாலு பக்கமும் மெல்லிய பட்டைகளைச் செருகி நடுவில் நிறுத்துவது. பட்டைக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிக்கொள்வேன். ஊட்டிக்காரர்களுக்கு இதில் தனிப் பாசம் உண்டு, இந்துநகரில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்த ஊர் இது, அங்கே வேலை பார்த்த ஒருவரின் வீட்டிலிருந்து வந்த பழைய எக்ஸ்ரேதான் என் மேஜையில் இன்னும் இருக்கிறது. பசை காய்ந்ததும் பட்டையை எடுத்து, மூடியை மெல்லிய பசையால் திரும்ப ஒட்டுங்கள். உரசல் கொஞ்சமும் இல்லை என்றால் மூடியை வெட்டவே வேண்டாம், முதல் வழி போதும்.

வளையம் நன்றாக இருந்தும் ஊஃபர் கீழே தொங்குவது போலத் தெரிந்தால், அரை வட்டம் திருப்பி மாட்டுங்கள். இத்தனை வருஷம் கீழே இழுத்த பாரம் இனி எதிர்ப்பக்கம் இழுக்கும், பல சமயம் இதுவே போதும்.

கிராஸ்ஓவர்

கீழ் ஒலியை ஊஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் பலகை. இதில் சுருள்களைத் தொட வேண்டாம், அவை கெடாது. வயசாவது கெப்பாசிட்டர்கள்தான். ஏ.ஆர். 3ஏ-வில் மூன்று: 6, 50, 150 மைக்ரோஃபேரட். கெப்பாசிட்டர் அளக்கும் மீட்டர் இருந்தால் ஒரு காலைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பல பேர் விட்டுவிடுவார்கள், நான் 40 வருஷத்துக்கு மேல் ஆன எலக்ட்ரோலிட்டிக் என்றால் இரண்டு பெட்டியிலும் சேர்த்தே மாற்றிவிடுவேன். ஒன்றில் மட்டும் மாற்றினால் இடமும் வலமும் வேறு வேறு குரலில் பேசும்.

வாங்கும்போது பை-போலார், அதாவது பாசிட்டிவ், நெகட்டிவ் குறி இல்லாதது என்று கேளுங்கள். ரேடியோவில் போடுகிற சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கை அப்படியே போட்டால் கெட்டுவிடும். 100 வோல்ட் தாங்குவது நல்லது. ட்வீட்டர் வழியில் வரும் சின்ன அளவுக்கு ஃபிலிம் கெப்பாசிட்டர் போடலாம், ஆனால் அதன் உள்தடை பழையதைவிடக் குறைவு, ட்வீட்டர் கொஞ்சம் கூர்மையாகப் பேசும். காதைக் குத்தினால் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டுச் சரி செய்யலாம். 150-க்கு ஃபிலிம் தேடாதீர்கள், அது பெட்டிக்குள் அடங்காத அளவில் வரும், விலையும் வீண்.

கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டியின் உள்பக்கமே ஒட்டி வையுங்கள். அடுத்து திறப்பவருக்கு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். எனக்கு முன்னால் யாராவது இப்படி வைத்திருந்தால் எத்தனை ராத்திரி மிச்சமாகியிருக்கும்!

மரம்

மேலெழும்பிய வெனீருக்கு அடியில் மெல்லிய அட்டையால் ஃபெவிகாலைத் தள்ளி, மேலே பிளாஸ்டிக் தாள், பலகை, பாரம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். உதிர்ந்த மூலையை நீங்களே செதுக்குவதைவிட ஒரு நல்ல ஆசாரியிடம் கொடுப்பது மேல், தேக்கு வெனீர் துண்டு அவரிடமே இருக்கும். உப்புத்தாளை வெனீரில் அழுத்தித் தேய்க்காதீர்கள், அது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, சிப்போர்டு தெரிந்துவிடும்.

எண்ணெய் பூசிய வகை மரமாக இருந்தால் ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக ஒரு கை, அரை மணி கழித்துத் துடைப்பு, மறுநாள் இன்னொரு கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானே தீப்பற்றும். விரித்துக் காய வைத்து, அல்லது தண்ணீரில் முக்கி அப்புறப்படுத்துங்கள்.

காதால் சரிபார்ப்பது

ஏ.ஆர். போன்ற மூடிய பெட்டிகளில் ஒரு சோதனை உண்டு. 1954-ல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த முறை இது, பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஊஃபருக்கு ஸ்பிரிங். ஊஃபரை மெல்ல அழுத்தி விட்டால் அது சோம்பலாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது, பிசினை மறுபடி அடைக்க வேண்டும்.

பிறகு இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பேச்சுக்குரலை இரண்டிலும் விடுங்கள். நான் உதகை வானொலியைத்தான் போடுவேன். மனிதக் குரல் பொய் சொல்லாது, தொண்டை அடைத்த மாதிரியோ மூக்கால் பேசுவது மாதிரியோ இருந்தால் நடு ஒலியில் கோளாறு. குரல் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி வர வேண்டும். அறையெங்கும் பரந்து, அடி இல்லாமல் கேட்டால் ஒரு பெட்டியின் ஒயர் தலைகீழாக இருக்கிறது, மாற்றிப் போடுங்கள். அடுத்து மிருதங்கத்தின் தொப்பி, நாதஸ்வரத்தின் உச்சம். ஒரு வாரம் தினம் கொஞ்சம் ஓட விட்டுத்தான் முடிவுக்கு வருவேன், புது வளையம் இளகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

வீடு தேடுவது

சரி, பெட்டி பாடுகிறது. இதை யாரிடம் கொடுப்பது? இந்த வேலையில் பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். விலை அதிகம் சொல்பவரிடம் கொடுத்த ஒரு ஜோடி, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ரிசார்ட் ஒன்றின் வரவேற்பறையில் ஒயர் இல்லாமல் அலங்காரத்துக்கு நின்றது, பக்கத்தில் ஜன்னல், சாரல் அடிக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கப்புறம் கொடுப்பதற்கு முன் வீட்டைப் போய்ப் பார்க்கிறேன்.

அறை எவ்வளவு பெரிசு என்று பாருங்கள். 10-க்கு 10 அறையில் 12 இஞ்ச் ஊஃபரைத் திணித்தால் சுவரெல்லாம் அதிரும், பாட்டு கேட்காது. சின்ன வீட்டுக்குச் சின்னப் பெட்டி. பி.பி.சி. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்கென்று வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஒரு அடி உயரம்தான், கோத்தகிரி பக்கத்து ஓட்டு வீட்டின் முன்னறைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அவரிடம் என்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஏ.ஆர். 3ஏ 4 ஓம், மின்சாரத்தை நிறைய இழுக்கும், சக்தி குறைந்த ஆம்ப்ளிஃபையரைத் திணறத் திணறத் திருகினால் முதலில் சாவது ட்வீட்டர். 15 ஓம் எல்.எஸ். 3/5ஏ அப்படி இழுக்காது, ஆனால் அதற்குச் சத்தம் குறைவு, கல்யாண வீட்டுச் சத்தம் எதிர்பார்ப்பவருக்கு அது சரிப்படாது.

எல்லாவற்றையும்விட, வாரத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்பவரா? ஓடுகிற ஸ்பீக்கர்தான் இந்த ஊரில் பிழைக்கும், ஆளும் விளக்கும் பாட்டும் இருக்கிற அறையில் பூஞ்சை சீக்கிரம் வராது.

விலை என்று வரும்போது பாகங்களுக்கு ஆன செலவையும் உழைப்புக்கு நியாயமான ஒரு தொகையையும் சொல்லுங்கள், என்னென்ன மாற்றினீர்கள் என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள். ஜோடியைப் பிரிக்காதீர்கள். முழுதாகப் பாடும் பெட்டியை உடைத்து, ஊஃபர் தனி, ட்வீட்டர் தனி என்று விற்றால் பணம் அதிகம் வரலாம், செய்யாதீர்கள். மாறாக, பெட்டி ஊதிப் பாழானதில் பிழைத்த ட்வீட்டரை எடுத்து வையுங்கள், எங்கோ ஒருவர் அதைத்தான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்.

எழுதி வைத்த கதையைச் சொன்னேனே, அதையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். எந்த ஆண்டு யார் வாங்கியது, எந்த வீட்டில் நின்றது, என்ன கேட்டார்கள் என்று. பெயர் போட வேண்டாமென்று வீட்டார் சொன்னால் ஊரை மட்டும் எழுதுங்கள். கதை தெரிந்த பொருளை யாரும் கார் ஷெட்டில் தூக்கிப் போட மாட்டார்கள்.

மலை இறக்குவது

குன்னூர் ஜோடி கடைசியில் போனது கோயம்புத்தூருக்கு, ஒரு இசை ஆசிரியை வீட்டுக்கு. பெட்டிகளைத் தந்த குன்னூர் அம்மாதான் ஆளைத் தேர்ந்தெடுத்தார், இரண்டு பேரும் போனில் ஒரு மணி நேரம் பேசினார்கள். மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, 24 கிலோ பெட்டி ஒவ்வொரு வளைவிலும் சாயப் பார்க்கும். முன்துணிக்கு மேல் கெட்டி அட்டை, அதன்மேல் போர்வை, பெட்டியை முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, நாலு பக்கமும் அரிசிச் சாக்கில் துணி அடைத்து முட்டுக் கொடுத்தோம். படுக்க வைத்தால் மேக்னட்டின் பாரம் சட்டத்தில் நேராக இறங்கும், நிற்க வைத்தால் ஒவ்வொரு குழியிலும் தொங்கித் தொங்கி ஆடும். எண்ணெய் பூசிய மரத்தில் தெர்மாகோலை நேராக வைக்காதீர்கள், தடம் விழும். பேருந்து மேல்கூரையில் ஏற்றவே கூடாது.

போய்ச் சேர்ந்ததும் உடனே ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், குளிர்ந்த பெட்டி கீழே இறங்கியதும் வேர்க்கும், ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துத் திருகுகளை ஒரு தடவை பார்க்க வேண்டும், புது வளையத்தோடு ஆடிப் பழகும்போது கொஞ்சம் தளரும். நான் அதற்காகவே ஒரு நாள் கோவைக்கு இறங்கினேன். நாலு திருகு கால் சுற்று இறுக்கினேன், அப்புறம் அந்த ஆசிரியையின் மாணவிகள் மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருக்க, தோடி ஓடிக்கொண்டிருந்தது.